எல்போர்டு வீட்டுக்கு வந்த பத்து நாள்

வண்டியில் ஒரு சத்தம் வந்தது. பதினாறு வருடமாக அந்த ஒரே காரை வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவளுக்கு அதன் சத்தங்கள் அத்தனையும் அத்துபடி. கிளட்ச் தேய்ந்தால் ஒரு முனகல், மூன்றாவது கியர் முரண்டு பிடித்தால் ஒரு உறுமல், மழை பெய்த மறுநாள் பெல்ட்டிலிருந்து ஒரு கீச். இது எதிலும் சேராத சத்தம். மெலிசாக, விட்டு விட்டு, யாரோ யாரைப் பற்றியோ புகார் சொல்கிற மாதிரி இருந்தது.

"மேடம், நான் கிளட்சை டக்குனு விட்டுட்டேனா?" என்றாள் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த பல் டாக்டர்.

"நீங்க கிளட்சையே இன்னும் தொடல டாக்டர். வண்டி நியூட்ரல்ல நிக்குது."

மேடம் என்பது தெரு வைத்த பெயர். முழுப் பட்டம் டிரைவிங் மேடம். வீட்டுக்காரரைத் தவிர எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். பாடம் எடுக்கும்போது மேடம் உட்கார்ந்திருக்கிற பக்கமும் காலடியில் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்ள வருகிறவர்களை அவள் முதல் நாளே இரண்டாகப் பிரித்துவிடுவாள். நடுங்குகிறவர்கள், நடுங்காதவர்கள். நடுங்குகிறவர்கள் ஓட்டும்போது அவள் கால் பிரேக்கை விட்டு நகராது, கண் அவர்களை விட்டு நகராது. நடுங்காதவர்கள் ஓட்டும்போது ஜன்னல் வழியாகத் தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டு போவாள். நாள் முழுக்க எல்லோரையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க மனுஷியால் முடியுமா? பல் டாக்டர் நடுங்குகிற கோஷ்டியின் தலைவி. ஆயிரம் பேர் வாயில் கொறடு விட்ட கை, ஸ்டியரிங்கைத் தொட்டால் மட்டும் தந்தியடிக்கும்.

பானெட்டைத் திறந்தார்கள். பேட்டரிக்குப் பின்னால், இரண்டு விரல் நுழைகிற சந்தில், கிரீஸ் பூசிய ஒரு பூனைக்குட்டி உட்கார்ந்துகொண்டு உலகத்தையே திட்டிக்கொண்டிருந்தது. மேடம் கையை விட்டாள். கையை விட்ட வேகத்திலேயே எடுத்தாள். புறங்கையில் நாலு சிவப்புக் கோடு.

"நகருங்க மேடம்" என்று பல் டாக்டர் கைப்பை­யைச் சீட்டில் போட்டுவிட்டு வந்தாள். இரண்டே விரல். பிடரியைப் பிடித்து, லேசாக ஒரு திருப்பு, மேலே ஒரு இழுப்பு. குட்டி வெளியே வந்துவிட்டது. கையில் நடுக்கம் என்ற பேச்சே இல்லை.

"கடவாப்பல் மாதிரிதான். நேரா இழுத்தா வராது" என்றாள்.

தாய்ப்பூனையைத் தேடி அந்தத் தெருவை இரண்டு முறை சுற்றினார்கள். குப்பைத்தொட்டி, காலி மனை, பேக்கரியின் பின்வாசல் எல்லாம் பார்த்தாயிற்று. ஒன்றும் அகப்படவில்லை. பல் டாக்டர் கையை விரித்துவிட்டாள். கிளினிக்கில் பூனை முடி பறந்தால் வாயைத் திறக்க யார் வருவார்கள்? குட்டி மேடத்தின் துப்பட்டாவுக்குள் புகுந்து, கிரீஸோடு கிரீஸாகத் தூங்கிப்போனது. அதைத் தெருவில் இறக்கிவிட மனசு வரவில்லை. மனசு வரவில்லை என்பதை அவளே கொஞ்சம் எரிச்சலோடுதான் கவனித்தாள். ஏனென்றால் வீட்டில் இரண்டு நாய்கள் இருந்தன. அதில் ஒன்று கொலைக்குற்றவாளி.

நாய்களுக்குப் பெயர் வைத்தது வீட்டுக்காரர். இன்சூரன்ஸ் ஆபீசில் இருபத்தைந்து வருடமாகக் கோப்புகளோடு மல்லுக்கட்டுகிறவர், பெயரும் அங்கிருந்துதான் எடுத்து வந்தார். பெரியவன் மேனேஜர். பத்து வயது, பழுப்பு நிறம், பருத்த உடம்பு. கூடத்து நாற்காலிக்கு அடியில் படுத்துக்கொண்டு, வருகிறவர்களையும் போகிறவர்களையும் பாதிக் கண்ணால் பார்ப்பான். குரைக்க மாட்டான். எதற்கும் அசைய மாட்டான். கூரியர்காரர் அவனைத் தாண்டி உள்ளே வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். தெருவில் எல்லோருக்கும் அவன் தங்கமான நாய். சின்னவன் பியூன். கறுப்பு, ஒல்லி, மூன்று வயது, ஓரிடத்தில் நிற்காத கால். காய்ந்த இலை பறந்தால் குரைப்பான், குக்கர் விசில் அடித்தால் குரைப்பான், ஒன்றும் நடக்காவிட்டால் ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்று குரைப்பான். உள்ளங்கை அளவில் இருந்தபோது மேடம்தான் தூக்கி வந்தாள். அவள் பாதத்தின் மேல் தலையை வைத்துத்தான் தூங்கி வளர்ந்தான். அவன் மேல் அவளுக்கு உயிர். அதனால்தான் அன்றைக்கு அவ்வளவு கோபம் வந்தது என்று அவள் பின்னால் பல தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அன்றைக்கு என்றால் ஒன்றரை வருடம் முன்பு. பக்கத்து வீட்டுத் தையலக்கா பஞ்சு என்று ஒரு வெள்ளை முயல் வளர்த்தாள். பள்ளிச் சீருடையும் ஜன்னல் திரையும் தைக்கிற ஒற்றை மனுஷி, முயல்தான் அவளுக்குப் பேச்சுத்துணை. மதிலில் ஒரு செங்கல் பெயர்ந்த ஓட்டை வழியாக முயல் ஒரு மத்தியானம் இந்தப் பக்கம் வந்துவிட்டது. வகுப்பு முடிந்து மேடம் கேட்டைத் திறந்தபோது, முற்றத்தில் பஞ்சு கழுத்து தொங்கிக் கிடந்தது. அதன் தலைமாட்டில் நின்று பியூன் விடாமல் குரைத்துக்கொண்டிருந்தான். மூக்கில் வெள்ளை முடி. கையும் களவுமாக அகப்பட்டவனை விசாரிக்க என்ன இருக்கிறது? செடிக்குத் தண்ணீர் விடுகிற ரப்பர் குழாயை எடுத்தாள். நாள் முழுக்க நடுங்குகிறவர்களிடம் அடக்கி வைத்த கோபமெல்லாம் சேர்ந்துகொண்டது. கை ஓய்கிற வரை அடித்தாள். மேனேஜர் படிக்கட்டோரம் முன்னங்காலில் தலை வைத்துப் படுத்தபடி பாதிக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான். மாடியிலிருந்து இறங்கி ஓடி வந்த தையலக்கா "விடுங்க மேடம், விடுங்க, விடுங்க" என்று மட்டும் சொன்னாள். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. முயலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு பியூனுக்கு மேடத்தின் காலடி கிடையாது. சாப்பாடு உண்டு, நடை உண்டு, கொஞ்சல் கிடையாது.

"பூனையா?" என்றார் வீட்டுக்காரர் அன்று சாயங்காலம், துப்பட்டாவைப் பார்த்து. "நம்ம வீட்லயா? நீ என்ன, வினையை வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிடுறியா?"

"ரெண்டு வாரம். யாராவது கேட்டா குடுத்துடலாம்."

"ரெண்டு வாரம் உயிரோட இருந்தா குடுக்கலாம். சின்னவன் இருக்கானே."

"நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்துப்ப சரி. பாக்காத நேரத்துல?" அவர் செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்தார். எதையும் வரிசையாக வைத்துவிட்டுத்தான் பேசுவார். "இப்பவே பேசி முடிவு பண்ணிடலாம். அந்த முயலுக்கு மெமோ குடுத்து விட்டாச்சு. இன்னொரு தடவை வாய் வச்சான்னா மெமோ இல்ல, டிஸ்மிஸ்தான். உங்க அண்ணன் ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்கார்."

மேடத்தின் அண்ணன் ஊர் எல்லையில் மரக்கடை வைத்திருந்தார். காவலுக்கு நாய் வேண்டும். பகலெல்லாம் சங்கிலி, சாயங்காலம் கடை பூட்டியதும் அவிழ்த்துவிடுவது. இலை பறந்தால்கூட ஓடிப் பார்க்கிற பியூன் நாள் முழுக்க ஆறடிச் சங்கிலியில் நிற்பதை மேடம் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தாள். ஆனாலும் நியாயத்துக்கு அவளால் மறுப்புச் சொல்ல முடியவில்லை. "சரி" என்றாள்.

குட்டிக்கு டிரெய்னி என்று பெயர் வைக்க வேண்டும் என்பது வீட்டுக்காரரின் யோசனை. மேடம் விடவில்லை. வந்தது என் வண்டியில், பெயரும் என் வண்டியிலிருந்துதான் என்று, முன்னாலும் பின்னாலும் மாட்டியிருக்கிற எல்போர்டின் பெயரையே வைத்தாள். அதைச் சாமான் அறையில் குடிவைத்தார்கள். பழைய டயர்கள், பாதை போடுகிற ஆரஞ்சு நிறக் கூம்புகள், உடைந்த இரண்டு நாற்காலி, ஒரு மூலையில் மணல் தட்டு. கழுவிப் பார்த்தால் கிரீஸுக்கு அடியில் சாம்பல் நிறத்தில் கோடு போட்ட அழகான குட்டி. இரண்டாம் நாளே டயர் அடுக்கின் மேல் ஏறி உட்கார்ந்து, வீட்டுப் பத்திரம் தன் பெயரில் இருப்பது போல எல்லோரையும் பார்த்தது.

மேடம் தனக்குத் தெரிந்த முறையிலேயே பாடம் ஆரம்பித்தாள். காலையில் ஒரு வகுப்பு, சாயங்காலம் ஒரு வகுப்பு. கூடத்து மேஜை மேல் குட்டி, கவிழ்த்து வைத்த பிளாஸ்டிக் கூடைக்குள். நாலு எட்டு தள்ளிப் பியூன், குட்டையாகப் பிடித்த கயிற்றில். கூடைக்குள் வால் ஆடினால் போதும், பியூனுக்கு உடம்பெல்லாம் உதறும். முனகுவான், எம்புவான், பிறகு குரைப்பான். குரைத்ததும் மேடம் கயிற்றைச் சுண்டி இழுப்பாள். அவளுடைய கண் அவனுடைய காது, தோள், வால் எதையும் விடாது. நடுங்குகிறவன் எந்த நொடியில் தப்புப் பண்ணுவான் என்று அவளுக்குத் தெரியும். பதினாறு வருடம் அதைத்தானே பார்த்திருக்கிறாள்.

மேனேஜருக்குக் கயிறு கிடையாது. அவன் மேஜைக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டு கூடையைப் பார்த்துக்கொண்டிருப்பான். அசைவில்லை, சத்தமில்லை.

"பெரியவனைப் பாத்துக் கத்துக்கோடா" என்பார் வீட்டுக்காரர் பியூனிடம். "ஒரு சத்தம் போடுறானா பாரு. பதவின்னா சும்மாவா?"

மூன்றாம் நாள் மேனேஜர் நாற்காலி அடியைக் காலி செய்துவிட்டு, சாமான் அறைக் கதவோரம் போய்ப் படுத்தான். பத்து வருடத்தில் அவன் நிரந்தரமாக இடத்தை மாற்றிக்கொண்டது அதுதான் முதல் தடவை. சாப்பாட்டுத் தட்டுச் சத்தம் கேட்டால்கூட உடனே எழுந்து வருவதில்லை.

"பாத்தியா? பொறுப்பு வந்துடுச்சு" என்று வீட்டுக்காரர் பூரித்துப்போனார். "பச்சைப்பிள்ளைக்குக் காவல் இருக்கான். கூடுதல் டூட்டி." அன்றிலிருந்து மேனேஜருக்கு ஒரு பிஸ்கட் அதிகம்.

பியூனோ நாளுக்கு நாள் மோசமானான். கூடத்தில் கட்டிப் போட்டிருந்தால் சும்மா இருப்பான், சும்மா இருப்பான், திடீரென்று தொண்டை கிழியக் குரைப்பான். மேடம் சமையலறையிலிருந்து ஓடி வந்து பார்ப்பாள். ஒன்றும் நடந்திருக்காது. மேனேஜர் எழுந்து ஒருமுறை சோம்பல் முறித்து, கதவை முகர்ந்துவிட்டு மறுபடி படுத்திருப்பான், அவ்வளவுதான். "பெரியவன் நகர்ந்தா உனக்கு வழி கிடைக்கும்னு பாக்குறியா?" என்று பியூனை அதட்டிவிட்டுப் போவாள். அவன் சரியாகச் சாப்பிடவில்லை. விலா எலும்பு எண்ணலாம் போல் ஆகிவிட்டான். பொறாமை என்றார் வீட்டுக்காரர். பொறாமையாகத்தான் இருக்கும் என்று அவளும் நினைத்தாள்.

எட்டாம் நாள் சாயங்காலம் அது நடந்தது. வீட்டுக்காரர் பால் கிண்ணத்தோடு சாமான் அறைக் கதவைத் திறந்தார். காவல்காரன் எழுந்து, அவர் பின்னாலேயே உள்ளே போகக் காலெடுத்து வைத்தான். பியூன் மேடத்தின் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு பாய்ந்தான். நேராக மேனேஜரின் கழுத்தில் போய் விழுந்தான். பால் சுவரில் தெறித்தது, வீட்டுக்காரர் கூம்புகளின் மேல் உட்கார்ந்தார், எல்போர்டு அலமாரி உச்சிக்குப் பறந்தது. பியூனை இழுத்துப் பிரிப்பதற்குள் மேடத்துக்கு மூச்சு வாங்கிவிட்டது. மேனேஜரின் காதில் ஒரு சொட்டு ரத்தம். அப்போதும் அவன் வாயைத் திறக்கவில்லை. துடைத்துவிட்டதும் கதவோரம் போய்ப் படுத்துக்கொண்டான்.

"வயசானவன் மேல பல்லு வைக்கிறான்" என்றார் வீட்டுக்காரர், சட்டையில் பாலோடு. குரலில் கேலி இல்லை. "காவல் இருக்கிறவனையே கடிக்கிறான்னா, அவன் நகர்ந்தா அந்தக் குட்டி கதி என்ன? இனி யோசிக்க ஒண்ணுமில்ல."

மேடம் அண்ணனுக்குப் போன் பண்ணினாள். "ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வேன் கொண்டு வாண்ணே" என்று சொல்லிவிட்டு, அவர் பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள். மறுநாள் வகுப்பில் பல் டாக்டர் ஒரு சைக்கிளை மயிரிழையில் இடிக்காமல் தப்பவிட்டபோதுகூட அவள் திட்டவில்லை. "மேடம், உடம்பு சரியில்லையா?" என்று டாக்டரே பயந்துபோய்க் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி. மேடம் பியூனைக் கூடத்து ஜன்னல் கம்பியில் கட்டினாள். அவனுடைய தட்டைக் கழுவித் துடைத்தாள். தட்டு, படுக்கிற சாக்கு, ஊசி போட்ட அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் வைத்தாள். ஒரு பிள்ளையை விடுதிக்கு அனுப்புகிற மாதிரி இருந்தது. பிள்ளையென்றால் லீவுக்காவது வரும். வீட்டுக்காரர் முகத்தைக் காட்டாமல் பின்பக்கம் போய் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே துடைத்த ஸ்கூட்டர்தான்.

பைக்கு முடிச்சுப் போடும்போது பியூன் ஆரம்பித்தான். வழக்கமான குரைப்பு இல்லை. மூச்சு விடாமல், கம்பி அதிர, கழுத்துப் பட்டை குரல்வளையை நெரிக்கிற அளவுக்கு முன்னால் இழுத்துக்கொண்டு கத்தினான்.

"போற நேரத்துலயும் மானத்தை வாங்குறியா?" என்று மேடம் அவன் முன்னால் போய் நின்று கையை ஓங்கினாள்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. அவன் அவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி, அவளுக்குப் பின்னால் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான். அவள் இடமும் வலமும் நகர்ந்து மறைத்தபோது, அவனும் இடமும் வலமும் எட்டி அதையே பார்த்தான்.

மேடம் திரும்பினாள். சாமான் அறைக் கதவு ஒரு முழம் திறந்திருந்தது. காலையில் பால் வைத்துவிட்டு வந்தபோது கொக்கி சரியாக விழவில்லை போலிருக்கிறது. கதவோரம் யாரும் இல்லை.

ஓடினாள். உள்ளே ஒரு சத்தம் இல்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. மேனேஜர் டயர் அடுக்கின் முன்னால், முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, முதுகு முடி குத்திட்டு நின்றான். தலை ஒரு டயரின் வளையத்துக்குள் இருந்தது. உறுமவில்லை, வால் ஆட்டவில்லை. ரொம்ப நிதானமாக, வேரோடு ஒரு செடியைப் பிடுங்குகிற மாதிரி, எதையோ வெளியே இழுத்துக்கொண்டிருந்தான். தலை வெளியே வந்தபோது அவன் வாய்க்குக் கீழே சாம்பல் நிற வால் தொங்கியது.

அவள் அவனுடைய தாடையை இரண்டு கையாலும் பிடித்துத் திறந்தாள். பத்து வருடமாகச் சோறு போட்டவளுக்கு அந்தத் தாடையில் அவ்வளவு பலம் இருப்பது அன்றுதான் தெரிந்தது. "என்னங்க!" என்று அவள் போட்ட கூச்சலில் வீட்டுக்காரர் துடைத்த துணியோடு ஓடி வந்தார். குட்டி விழுந்தது, எழுந்தது, டயருக்குள் புகுந்துகொண்டு கீச்சிட்டது. கீச்சிட்டதே, அதுவே போதும் என்று மேடம் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பிடரிக்குக் கீழே இரண்டு பல் குறி, ஒரு காது நுனி போயிருந்தது. வீட்டுக்காரர் செருப்புப் பெட்டியில் துணி போட்டு, எல்போர்டை வைத்து, மிருக டாக்டரிடம் பறந்தார். அரை மணியில் போன் வந்தது. "தோலோட போச்சாம். ஊசி போட்டாச்சு. டாக்டரையே பிராண்டிட்டா. நல்லா இருக்கா." பிறகு, "பெரியவனா?" என்று கேட்டார். நேரில் பார்த்துவிட்டுப் போனவர்தான். ஆனாலும் கேட்டார்.

"பெரியவன்தான்" என்றாள் மேடம்.

பெரியவன் அதற்குள் கூடத்துக்கு வந்து, நாற்காலிக்கு அடியில் புகுந்து, முன்னங்காலில் தலை வைத்துப் பாதிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். ஒன்றுமே நடக்காத முகம். அவனை அடிக்க அவளுக்குக் கை எழவில்லை. நாய் நாயாகத்தான் இருந்திருக்கிறது. அதற்குத் தங்கம் என்று பட்டம் கொடுத்தது யார்? அவனைப் பின்கட்டு அறையில் விட்டுக் கதவைச் சாத்தினாள். இனி அந்த வீட்டில் கதவுகளுக்குத்தான் டூட்டி.

அண்ணனுடைய வேன் வந்து ஹார்ன் அடித்தது. மேடம் கேட்டுக்குப் போய், நாய் இல்லை என்றாள்.

"இல்லையா? போன்ல சொன்னியே."

"தப்பா சொல்லிட்டேண்ணே."

அண்ணன் தங்கை முகத்தைப் பார்த்தார். அதற்கு மேல் கிண்டக்கூடாது என்று அவருக்குத் தெரிந்தது. "சரி, வந்ததுக்கு ஒரு டீயாவது குடு" என்று குடித்துவிட்டுப் போனார்.

மேடம் ஜன்னல் கம்பியிலிருந்து கயிற்றை அவிழ்த்தாள். பியூன் நேராகச் சாமான் அறைக்கு ஓடினான், டயர் டயராக முகர்ந்தான், குட்டி இல்லாததைக் கண்டு குழம்பி வெளியே வந்தான். குரைக்கவில்லை. எட்டு நாளுக்குப் பிறகு தட்டில் போட்டதை முழுக்கச் சாப்பிட்டான். அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த மத்தியானம் மெல்ல மெல்ல அவளுக்குத் திரும்பி வந்தது. முற்றத்தில் வெள்ளை முயல். தலைமாட்டில் நின்று குரைத்துக்கொண்டிருந்தவன். படிக்கட்டோரம் சத்தமில்லாமல் படுத்திருந்தவன். அவள் பார்த்தது அவ்வளவுதானே? குரைத்ததைத் தவிர வேறு எதையாவது அவள் கண்ணால் பார்த்தாளா? நடுங்குகிறவர்களையே பார்த்துப் பழகிய கண், மற்றவனைப் பார்க்கவே இல்லை.

செருப்பைக்கூடப் போடாமல் பக்கத்து வீட்டுக்குப் போனாள். தையலக்கா வாசலை ஒட்டிய அறையில் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு நீலத் திரைக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தாள். மேடத்தைப் பார்த்ததும் மிதியை நிறுத்தினாள்.

"அக்கா, உங்க கிட்ட மன்னிப்புக் கேக்கணும். ஒன்றரை வருஷமா தப்பா நினைச்சுட்டு இருந்திருக்கேன்." மேடம் நிலைப்படியைத் தாண்டாமல் அங்கேயே நின்றாள். "உங்க பஞ்சுவைப் பியூன் கடிக்கலக்கா. பெரியவன்தான் கடிச்சிருக்கான். இன்னைக்குத்தான் தெரிஞ்சது."

தையலக்கா திரையை மடியிலிருந்து எடுத்து மிஷின் மேல் வைத்தாள். ஆச்சரியப்பட்ட மாதிரி தெரியவில்லை.

"எனக்குத் தெரியும் மேடம்" என்றாள்.

"தெரியுமா?"

"மாடியில துணி காயப் போட்டுட்டு இருந்தேன். கண்ணால பாத்தேன். பெரியவன் சத்தம் காட்டாம வந்து கவ்வினான், ரெண்டு உதறு, போட்டுட்டுப் போய்ப் படுத்துக்கிட்டான். சின்னவன்தான் ஓடி வந்து அதை மூக்கால தள்ளித் தள்ளி எழுப்பிப் பாத்தான். எந்திரிக்கலன்னதும் யாராவது வாங்கன்னு கத்த ஆரம்பிச்சான்."

"அப்புறம் ஏங்க்கா சொல்லல?" என்று மேடம் கிட்டத்தட்டக் கத்திவிட்டாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொல்லத்தான் படியிறங்கி ஓடி வந்தேன்." தையலக்கா மேடத்தின் முகத்தைப் பார்க்காமல் ஊசியில் நூலைச் சரிபண்ணினாள். "வந்தா நீங்க அடிச்சுட்டு இருக்கீங்க. அந்த அடியைப் பாத்ததும் எனக்குப் பயமாப் போச்சு மேடம். என் முயல் எப்படியும் போச்சு. அவன் இல்ல, இவன்னு சொன்னா, அதே அடி இன்னொருத்தனுக்கும் விழும். பெரியவன் கிழவன், செத்துருவான்னு தோணிச்சு. சின்னவன்தான் எப்படியோ தாங்கிட்டானே, விடுவோம்னு விட்டுட்டேன்."

தையலக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு மேடம் வெளியே வந்தாள். வெயில் ஏறியிருந்தது. அவளைத் தேடிக்கொண்டு பியூன் தெருவுக்கு வந்து, தையலக்கா வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தான். கயிறு இல்லாமல் நிற்பது அவனுக்கே புதிதாக இருந்திருக்கும்.

அவள் குனிந்து அவன் தலையைத் தடவக் கையை நீட்டினாள். கை மேலே வந்ததும் அவன் காதை மடக்கி, உடம்பைத் தரையோடு தாழ்த்தி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். ஓடவில்லை. ஒன்றரை வருடமாக அவன் இப்படித்தான் செய்கிறான். அடக்கமாகிவிட்டான், பாடம் படித்துவிட்டான் என்று அவள் வீட்டுக்காரரிடம் பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறாள்.

மேடம் தெருவென்றும் பார்க்காமல் அங்கேயே மண்ணில் உட்கார்ந்தாள். உள்ளங்கையை அவன் தலைமேல் மெதுவாக வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. அவன் கண்ணைத் திறக்கட்டும் என்று காத்திருந்தாள். அதற்கு ரொம்ப நேரம் ஆனது.